'நிலைதடுமாறி' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைக் விபத்துச் செய்தி இல்லாமல் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கம் வருவதே அரிது. 'எதிர்பாராத விதமாக நிலைதடுமாறி கீழே விழுந்ததில்' என்றோ 'கட்டுப்பாட்டை இழந்த பைக் சாலையோரப் புளிய மரத்தில் மோதியதில்' என்றோ எல்லாச் செய்தியும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கிறது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் வண்டியைப் பிரித்துப் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். அந்த ஒரு சொல்லோடு எங்களால் பக்கத்தைப் புரட்ட முடிவதில்லை. எந்த வண்டியும் சும்மா நிலைதடுமாறாது. பின் சக்கரம் சுழலாமல் இறுகியிருக்கும், முன் சக்கரம் மணலில் வழுக்கியிருக்கும், பயந்த கை ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கியிருக்கும், மடக்காத சைடு ஸ்டாண்டு திருப்பத்தில் தரையைத் தட்டியிருக்கும். ஏதோ ஒன்று நடந்துதான் வண்டி விழுகிறது. அவற்றில் பெரும்பாலானவை, புதிதாக ஓட்டுகிறவருக்கு ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடக் கூடியவை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இந்த எண்களைச் சொல்லிவிட்டு 'இளைஞர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும்' என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் வேகத்தை எப்படிக் குறைப்பது என்பதையே நம் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. இந்தக் கடிதம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்தருள வேண்டும்.

நம் பிள்ளைகள் வண்டியை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? சித்தப்பாவோ நண்பனோ பின்னால் உட்கார்ந்துகொண்டு, 'கிளட்ச்சை மெதுவா விடு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கு' என்கிறார்கள். வண்டி நகர்ந்துவிட்டால் பாடம் முடிந்தது. நிறுத்துவது தானாக வந்துவிடும் என்பது எண்ணம். கூடவே ஓர் எச்சரிக்கையும் தவறாமல் வரும்: 'முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தூக்கிப் போட்டுடும்.' இது சைக்கிள் காலத்து அறிவுரை. சைக்கிள் 15 கிலோ இருக்கும், அதன் மேல் ஒருவர் உயரமாக உட்கார்ந்திருப்பார், அதற்கு அது பொருந்தும். 110 முதல் 190 கிலோ வரை கனமும் தரைக்கு அருகில் எஞ்சினும் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு அது பொருந்தாது. இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரைப் பின் பிரேக்கை மட்டும் நம்ப வைத்திருக்கிறது என்பதை எங்களிடம் வரும் வண்டிகளே சொல்லும். பின் பிரேக் ஷூ இரண்டு முறை தேய்ந்து மாற்றியாகியிருக்கும், முன் பேடு கம்பெனியில் போட்டபடியே இருக்கும்.

பேருந்து சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் டிரைவர் பக்கம் சாய்கிறார்கள் அல்லவா? பைக்கிலும் அதுதான் நடக்கிறது. பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பங்கு முன்னால் போகிறது. முன் டயர் தரையில் அழுந்திப் பிடிமானம் கூடுகிறது. பின் டயரோ இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்தைப் போய் மிதித்தால் அது இறுகி, கோடு கிழித்துக்கொண்டு பக்கவாட்டில் போகும். நன்றாகக் காய்ந்த தார்ச் சாலையில் நிறுத்தும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். குறுக்கே ஆடு வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கைத் தொடும் முன்பே 17 மீட்டர் போய்விட்டது. அதன்பின் இரண்டு பிரேக்கையும் பழகிய கையோடு பிடித்தால் இன்னும் 23 மீட்டரில் நிற்கலாம், மொத்தம் 40. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் மொத்தம் 60 மீட்டர் ஆகும். 20 மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முதலாமவர் நின்றுவிட்ட இடத்தை இரண்டாமவர் கடக்கும்போது அவர் வேகம் இன்னும் 40 கி.மீ. இருக்கும். அந்த இடத்தில்தான் ஆடு நிற்கிறது. அல்லது லாரி.

சாதாரண 100 சி.சி. வண்டியின் லோ பீம் விளக்கு தெளிவாகக் காட்டுவதும் சுமார் 30, 40 மீட்டர்தான். இரவில் நான்குவழிச் சாலை ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரியில் பைக் மோதியது என்ற செய்தியை இந்த எண்களோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். 60-இல் வந்தவர் அதைப் பார்க்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

சரி, முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பது? வெடுக்கென்று இழுத்தால் முன் டயரும் இறுகும். அப்போது வண்டி கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அந்தப் பழைய எச்சரிக்கையில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். லிவரை முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் வந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்களான முன் ஃபோர்க் அழுந்துவதை உணர வேண்டும். இதற்கு அரை விநாடிகூட ஆகாது. அதன்பின் ஈரத்துணியைப் பிழிவது போல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காலில் பின் பிரேக் இலேசாக இருந்தால் போதும். முட்டி இரண்டும் பெட்ரோல் டேங்க்கை இறுக்கிப் பிடிக்க, முழங்கை சற்று மடங்கியிருக்க, கண் தூரத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் விழுவது உறுதி. கிளட்ச்சைக் கடைசியில், வண்டி நிற்கப்போகும் போது பிடித்தால் போதும். பலர் பதறியதும் முதலில் கிளட்ச்சைத்தான் பிடிக்கிறார்கள். அப்போது எஞ்சின் தரும் இழுவை போய், வண்டி விட்டேற்றியாக ஓடும்.

இதற்குப் பள்ளி மைதானத்தை ஒட்டிய தார்ச் சாலையோ, இன்னும் வீடு கட்டாத மனைப்பிரிவுச் சாலையோ 80 மீட்டர் கிடைத்தால் போதும். மணல் இருந்தால் முதலில் துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். ஹெல்மெட், ஷூ, முழுக்கைச் சட்டை கட்டாயம். பின்னால் யாரும் உட்காரக் கூடாது. சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, 20 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் முன் பிரேக்கை மட்டும் மென்மையாகப் பிடித்துப் பத்து முறை நிறுத்த வேண்டும். அதே வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து மூன்று முறை. எங்கே நிற்கிறது என்று கோடு போட்டு வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு இரண்டும் சேர்த்து 30-இல் பத்து முறை. மறுநாள் 40-இல். அதற்கு மேல் மைதானத்தில் தேவையில்லை. ஒரு நாளைக்கு முப்பது முறைக்கு மேல் போகாதீர்கள், விரல் ஓய்ந்துவிடும். பின் சக்கரம் இறுகி வழுக்கத் தொடங்கினால் ஹேண்டிலை நேராகப் பிடித்துக் கண்ணைத் தூரத்தில் வைக்க வேண்டும். முன் சக்கரம் இறுகினால் அந்தக் கணமே லிவரை விட்டு, மறுபடி மெல்லப் பிடிக்க வேண்டும்.

'ஏ.பி.எஸ். வண்டிதானே, இதெல்லாம் எதற்கு?' என்று பையன்கள் கேட்கிறார்கள். ஏ.பி.எஸ். என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமானது. அதற்குக் கீழே சி.பி.எஸ்., அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு. ஏ.பி.எஸ். மிக நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் அது வேலை செய்யும், பின் சக்கரம் வழக்கம் போல இறுகும். மேலும் ஏ.பி.எஸ். செயல்படும்போது லிவர் விரலுக்கடியில் படபடவென்று துடிக்கும். அதை முன்பின் உணராதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறார், விடக் கூடாத நேரத்தில். மைதானத்தில் ஒருமுறை அந்தத் துடிப்பை உணர வைத்துவிட்டால் சாலையில் விடமாட்டார். வளைவில் சாய்ந்திருக்கும்போது இறுகப் பிடித்தால் சாதாரண ஏ.பி.எஸ்.ஸும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

புதியவர்கள் விழும் இன்னொரு விதம் உண்டு, செய்தியில் 'அதிவேகம்' என்று வருவது சிலசமயம் இதுதான். கிளட்ச்சைச் சட்டென விட்டதும் வண்டி முன்னால் பாயும். உடம்பு பின்னால் சாயும். கை ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கும். தொங்கும்போது வலது மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கி ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கும். வண்டி இன்னும் பாயும். ஓட்டுகிறவர் வேகமாகப் போக நினைத்ததே இல்லை. ஸ்கூட்டரில் இது இன்னும் மோசம், பிடித்து நிறுத்தக் கிளட்ச் கிடையாது. வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை எஞ்சினை அணைக்காமல் பக்கத்தில் நின்றபடி திருப்ப முயன்று, அது சுவரிலோ எதிர்வீட்டுத் திண்ணையிலோ ஏறுவது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. தள்ளும்போது சாவியை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள். ஓட்டும்போது, வலது மணிக்கட்டு முழங்கைக்கு நேராகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கும்படி முதலிலேயே பிடியுங்கள், மேலும் முறுக்க இடம் இருக்காது. கியர் வண்டியில் இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். முதல் நாள் பாடமாக, சமதளத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சைப் பாதி விட்ட ஹாஃப் கிளட்ச்சில் மட்டும் கால் ஊன்றி நடந்தபடி பத்து மீட்டர் போகச் சொல்லுங்கள். இருபது தடவை செய்தால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

வளைவு விஷயத்தில் பழக்கமானவர்களே தவறுகிறார்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, கியரை மாற்றிக்கொண்டு, அதன்பின் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தபின் வேகம் கூடுதல் என்று தெரிந்து பிரேக்கை அழுத்தினால் வண்டி நிமிர்ந்து நேராகப் போகும். மரம் நேராகத்தான் இருக்கும். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். புளிய மரத்தைப் பார்த்து அலறியவர் புளிய மரத்துக்கே போகிறார். வளைவு முடியும் இடத்தைத் தேடிக் கண் போக வேண்டும். 25 கி.மீ. வேகத்துக்கு மேல் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலின் இடது பிடியை இலேசாக முன்னுக்குத் தள்ள வேண்டும் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தள்ளிப் பார்த்தால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். எல்லோரும் தெரியாமலே செய்துகொண்டிருப்பதுதான் இது. தெரிந்து செய்தால், திடீரென்று பள்ளம் வந்தால் ஒதுங்கவும் இதுவே கைகொடுக்கும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. லைசென்ஸ் வாங்கிய மாதமே நண்பர்களோடு கிளம்புகிறார்கள். ஏறுவதில் பெரிய ஆபத்தில்லை, இறங்கும்போதுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக் பிடித்துக்கொள்ளும். கீழே வரும்வரை பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறித் தீய்ந்த வாடை வரும், அதன்பின் மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாலையைப் பற்றி ஒரு பட்டியலே போடலாம், போடவில்லை. கோடை முடிந்து பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம், ரவுண்டானாவில் சிந்திய டீசல், மழையில் நனைந்த வெள்ளைக் கோடும் பாதாளச் சாக்கடை மூடியும், அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட நெல்லும் கம்பும் எள்ளும், சென்டர் மீடியனை ஒட்டிக் குவிந்து கிடக்கும் மணல். இவற்றின் மேல் போகும்போது திருப்பாமலும் பிரேக் பிடிக்காமலும் நேராகக் கடக்க வேண்டும் என்ற ஒரு விதி போதும். குறைக்க வேண்டிய வேகத்தை அதற்கு முன்பே குறைத்திருக்க வேண்டும்.

இனி வண்டி. ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, நான்கு திசையும் எலுமிச்சை. வண்டிக்கு மரியாதை செய்யும் சமூகம் நம்முடையது, நல்லதுதான். ஆனால் சந்தனத்தை டிஸ்க் பிரேக்கின் தட்டில் பூசுகிறார்கள். மாலை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கி ஆடுகிறது. வாட்டர் சர்வீஸ் செய்த கடையில் டயருக்கு மினுமினுவென்று பாலிஷ் வேறு. டயரின் பக்கவாட்டில் அடித்த பாலிஷ், சாயும்போது தரையைத் தொடும் ஓரத்துக்கும் வழிகிறது. அந்த நாளில் டிஸ்க்கைத் தொடாமல் பொட்டு வையுங்கள், தண்ணீர் அடித்த வண்டியின் பிரேக்கை மெதுவாக நாலு முறை பிடித்து உலர வைத்துவிட்டு வெளியே எடுங்கள்.

மற்ற நாட்களில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். டயர் காற்றை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பல 100, 125 சி.சி. வண்டிகளில் முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏறினால் 32 என்ற அளவில் இருக்கும். சரியான எண் செயின் கவரிலோ பின் ஃபோர்க்கிலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. பழைய வண்டி வாங்கித் தரும் பெற்றோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், டயரின் பள்ளக் கோடுகள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கலாம். புது டயரும் முதல் 150 கி.மீ. வழுக்கும். செயின் நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். அதற்கு மேல் தொளதொளத்தால் ஓடும்போதே ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரத்திலிருந்து கழன்று பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். பின் டிரம் பிரேக் பெடல் 20, 30 மி.மீ. இறங்கியதும் பிடிக்கத் தொடங்க வேண்டும். பங்க்சர் ஒட்டிய கடையிலிருந்து கிளம்பும் முன் பின் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள், பிரேக் ராடு நட்டை முறுக்க மறந்திருப்பார்கள். டிஸ்க் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும்.

சைடு ஸ்டாண்டு பற்றிச் சொல்ல நம் ஊரில் எங்களைப் போன்றவர்கள் தேவையில்லை. முன்பின் தெரியாதவர்கூடச் சத்தம் போட்டு, கை காட்டி, விரட்டி வந்து சொல்வார். தமிழ்நாட்டில் மட்டும் அது ஒரு பொதுச்சேவை. அதே அக்கறையோடு யாராவது 'தம்பி, ஹெல்மெட் ஸ்ட்ராப்பைப் போடு' என்று சொல்வதில்லை. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் தலை தரையைத் தொடும் முன்பே தனியாக உருண்டு போய்விடும். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். தலைச் சுற்றளவைப் புருவத்துக்கு மேல் டேப் வைத்து அளந்து, உள்ளே 580, 600 என்று எழுதியிருக்கும் அளவோடு பொருத்தி வாங்குங்கள். போட்டு ஆட்டினால் கன்னத்துச் சதை ஹெல்மெட்டோடு சேர்ந்து ஆட வேண்டும்.

எந்த வண்டி வாங்கித் தருவது என்பது வீட்டில் பெரிய சண்டை. இந்தியாவில் கியர் வண்டிக்கான லைசென்ஸ் ஒன்றுதான். 8 குதிரைத்திறன், 112 கிலோ ஸ்பிளெண்டருக்கும், 40 குதிரைத்திறனைத் தாண்டும் கே.டி.எம். டியூக் 390-க்கும் அதே அட்டைதான். ஐரோப்பிய நாடுகளில் அப்படியில்லை. தொடக்க நிலை உரிமம் 125 சி.சி., 11 கிலோவாட் வரை, அதாவது சுமார் 15 குதிரைத்திறன். அடுத்த நிலை 35 கிலோவாட் வரை. அதற்கும் பிறகுதான் பெரிய வண்டி. பிளஸ் டூ முடித்ததும் நம் பையன்கள் கேட்கும் யமஹா ஆர்15, 18 குதிரைத்திறன். தொடக்க நிலை உரிமத்தில் அங்கே அதைத் தொட முடியாது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டிலேயே இந்தப் படிக்கட்டை வைத்துக்கொள்ளலாம்: முதல் ஆண்டு 100 அல்லது 125 சி.சி., அதுவும் தனியாக, பின்னால் ஆள் இல்லாமல். பின்னால் 60 கிலோ ஏறினால் நிற்கும் தூரம், திரும்பும் விதம், முன் சக்கரத்தின் கனம் எல்லாம் மாறிப்போகும். அது வேறு வண்டி என்றே வைத்துக்கொள்ளலாம். 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தார்கள். விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தார்கள், மொத்த அனுபவம் சராசரியாக மூன்று ஆண்டுக்கு அருகில் இருந்தும். 92 சதவீதம் பேர் தாங்களாகவோ சொந்தக்காரர், நண்பர் மூலமோ கற்றவர்கள். பின் பிரேக்கை அதிகமாகவும் முன் பிரேக்கைக் குறைவாகவும் பிடித்திருந்தார்கள். ஊர் வேறு, காலம் வேறு, தவறு மட்டும் அதேதான். அண்ணன் வண்டியையோ நண்பன் வண்டியையோ 'ஒரு ரவுண்டு' வாங்கி ஓட்டுகிறவர்கள் அந்த ஐந்து மாதக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

18 வயதுக்கு முன் சாவி தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 16 வயதில் ஓட்டலாம் என்று சொல்லப்படுவது 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டி மட்டும். கடையில் இருக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 சி.சி. அல்லது அதற்கு மேல், எக்ஸ்.எல். வண்டியே 100 சி.சி. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி சிறார் ஓட்டினால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கடைசியாக, எட்டு. ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ். எட்டு நல்ல தேர்வு, கிளட்ச்சையும் சமநிலையையும் காட்டிவிடும். ஆனால் அது நடப்பது 10 கி.மீ. வேகத்தில். 40-இல் வந்து நிற்கத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. எட்டு போடத் தெரிந்த, நிறுத்தத் தெரியாத ஒருவர் அன்று மாலையே நெடுஞ்சாலைக்கு வருகிறார். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் தேர்வு பற்றிய 15-ஆவது விதியிலேயே அவசரத்தில் வண்டியை நிறுத்தும் திறன் சொல்லப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் தேர்வின் முதல் பகுதியில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்துவதும், அதே வேகத்தில் ஒரு தடையை ஒதுக்கிப் போவதும் உண்டு. நம் தேர்வுத் தளங்களில் எட்டுக்குப் பக்கத்தில் 60 மீட்டர் நேர்ப்பாதையும் இரண்டு வெள்ளைக் கோடும் போதும். 30 கி.மீ. வேகத்தில் வந்து, முதல் கோட்டில் பிரேக் பிடித்து, பத்து மீட்டருக்குள், சக்கரம் இறுகாமல் நிற்க வேண்டும். ஆய்வாளர் ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடுதல் வேலை. போக்குவரத்துத் துறை இதைப் பரிசீலிக்க உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்தபின் தேர்வுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, இப்போது அந்த நாட்கள் சும்மா கழிகின்றன. அரசுப் பள்ளி, கல்லூரி மைதானத்தை ஒட்டிய சாலையை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால், மேலே சொன்ன பயிற்சி முழுவதும் அந்த 30 நாளில் முடிந்துவிடும்.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'நிலைதடுமாறி' என்று எழுதும் முன், சம்பவ இடத்தில் போலீசாரிடம் நான்கு கேள்வி கேட்கட்டும். சாலையில் டயர் கோடு இருக்கிறதா, இருந்தால் அது முன் சக்கரத்தினுடையதா பின் சக்கரத்தினுடையதா? லைசென்ஸ் எடுத்து எத்தனை மாதம்? அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி எத்தனை மாதம்? ஹெல்மெட்டின் ஸ்ட்ராப் மாட்டியிருந்ததா? பதில் கிடைத்ததை மட்டும், பெயர் இல்லாமலே, ஒரு வரியில் சேர்த்து அச்சிட்டால் போதும். ஓராண்டு சேர்ந்தபின் அந்த வரிகளை எடுத்து வைத்துப் பார்க்க நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பயிற்சியாளர் ஒருவரும் மெக்கானிக் ஒருவரும்,
திருச்சிராப்பள்ளி